மலையக முதுமை – 6: பேர் வெட்டிய பிறகு பத்து வருஷம்

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு செல்லும் ஏ4 வீதி பெலிஹுல் ஓயாவைக் கடந்து மலையேறும்போது ஹல்துமுல்லை வரும். அதற்கும் மேலே பெரகலைச் சந்தி. அங்கே ஒரு வீதி பிரிந்து ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. ஏ4 கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. கொஸ்லந்தைத் தோட்டங்களுக்கும் ஹல்துமுல்லையில் இருப்பதுதான் பிரதேச செயலகம். மேல் டிவிஷன் லயத்தில் இருக்கும் ஒரு முதியவர் அங்கே போக வேண்டுமானால், கொஸ்லந்தைக்கு நடந்தோ ஆட்டோ பிடித்தோ இறங்கி, பஸ்ஸில் பெரகலைக்கு ஏறி, மறுபடி ஹல்துமுல்லைக்கு இறங்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

சென்ற வாரம் பிரஜாவுரிமைக் கதையைப் பார்த்தோம். இந்த வாரம், பிரஜைகளாகிவிட்ட பிறகு அரசு தோட்டத்து முதியவர்களுக்கு என்ன தருகிறது, எந்த வயதில் தருகிறது என்று பார்ப்போம். என் சந்தேகமெல்லாம் அந்த வயதின் மேல்தான்.

தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. அவருக்கு முக்கியமாக இருப்பவை இரண்டு. ஒன்று, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேரும் ஊழியர் சேமலாப நிதி. எல்லோருக்கும் அது ஈ.பி.எப். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைக் கேட்கலாம். மற்றது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தரும் பணிக்கொடை. நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முப்பது வருஷம் கொழுந்தெடுத்த ஒரு பெண். 30 தர 14, 420 நாள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. பெருக்கினால் 5,67,000 ரூபா. ஒரே கையில் பார்க்கும்போது பெரிய தொகைதான். அறுபதில் ஓய்வு பெற்று எழுபது வரை அதை வைத்துச் சாப்பிடுவதாக இருந்தால், 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,725 ரூபா. இதுவும் காசு அப்படியே கையில் நின்றால்தான். நிற்பதில்லை. மகளின் கல்யாணம், காம்பராவுக்கு முன்னால் ஸ்தோப்பை அடைத்து ஒரு குசினி, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் மகனுக்கு முற்பணம், அடகுக் கடையிலிருக்கும் தோடு. ஈ.பி.எப். காசும் இதே வழியில்தான் போகும். இதை ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மொத்தமாகக் காசு வந்தால், அது வரை தள்ளிப்போட்ட எல்லாம் அன்றைக்கு வாசலில் வந்து நிற்கும்.

எழுபதை ஏன் எல்லையாக வைத்தேன்? அரசின் முதியோர் கொடுப்பனவு அங்கேதான் தொடங்குகிறது. 70 வயதைத் தாண்டிய வருமானம் குறைந்தவருக்கு மாதம் 2,000 ரூபாவாக இருந்த இந்தத் தொகை 2024இல் 3,000 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் 7,500 ரூபா 10,000 ஆனது. அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, 2025இலிருந்து 17,500 ரூபா. தொகைகள் ஏறியிருக்கின்றன, அதைச் சொல்லத்தான் வேண்டும். வயது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார்துறை ஊழியரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அறுபதில் செக்ரோல் என்ற தோட்டத்துப் பெயரேட்டில் பேர் வெட்டுகிறார்கள். எழுபதில் அரசின் கதவு திறக்கிறது. நடுவில் பத்து வருஷம். அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தவருக்கு அறுபது வயது என்பது ஒன்று. பதினைந்து பதினாறு வயதில் கூடை தூக்கியவருக்கு அது வேறு. கால் சறுக்கும் சரிவில், முதுகில் பாரத்தோடு, அட்டைக் கடிக்கும் குளிருக்கும் நடுவே நின்ற உடம்பு அது. எழுபது வரை காத்திரு என்று அந்த உடம்பிடம் சட்டம் சொல்கிறது.

இந்தப் பத்து வருஷத்தில் அவர்கள் சும்மா இருப்பதுமில்லை. பேர் வெட்டிய மறுமாதமே பலர் கைக்காசுக்குப் போய்விடுகிறார்கள். அதே மலை, அதே நிரை, கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. ஈ.பி.எப். இல்லை, விழுந்தால் கேட்க ஆளில்லை. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார்கள். மருமகள் கொழுந்துக்குப் போக முடிவதே அதனால்தான். அதற்கு எந்த ஏட்டிலும் பேர் விழுவதில்லை.

அப்படியானால் அஸ்வெசும இருக்கிறதே என்று கேட்கலாம். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையில் தொடங்கிய திட்டம் அது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். 1995இலிருந்து நடந்த சமுர்த்தியில் அரசியல் சிபாரிசுக்கு இருந்த இடத்தை இந்தப் புள்ளிக் கணக்கு குறைக்கும் என்றார்கள். நோக்கம் நல்லது. ஆனால் இங்கே அலகு குடும்பம். லயத்தில் குடும்பம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒரு காம்பராவில் கிழவி, மகன், மருமகள், பிள்ளைகள். ஒரே அடுப்பு. மகனுக்கு வேலை இருக்கிறது, ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் இருக்கிறது. குடும்பம் மேல் படிக்குப் போய்விடும், அதோடு கிழவியும். அவருடைய மருந்துச் செலவுக்கு மகனிடம் கைநீட்ட வேண்டியிருக்கிறதே, அதற்கு அந்த 22இல் இடமில்லை. தனியாகப் போய் இருக்கவும் வழியில்லை. லயத்துக் காம்பரா பெரும்பாலும் வீட்டில் ஒருவர் தோட்டத்தில் வேலை செய்வதை நம்பித்தான் நிற்கிறது.

2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது.

எழுபது வந்துவிட்டால் எல்லாம் சுலபமா? அதற்கும் கடதாசி வேண்டும். தோட்டத்து முதியவரின் கடதாசிகள் பொலித்தீன் பையில் சுருட்டி, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும்: அடையாள அட்டை, ஈ.பி.எப். பி கார்ட், கிளினிக் கொப்பி, தொழிற்சங்க ரசீது. விண்ணப்பம் நிரப்பும் பேத்திக்கும் பாட்டிக்கும் நடக்கும் பேச்சு அனேகமாக இப்படித்தான் இருக்கும்.

“அம்மாயி, ஒங்களுக்கு என்னா வயசு?”

“மூத்தவன் பொறக்கறப்போ எனக்கு பத்தொம்பது. அவனுக்கு இப்ப என்னா வயசுன்னு பாரு.”

“ஐடென்டியில வேற மாதிரி இருக்கே.”

“அது அன்னிக்கு ஐயா போட்டது.”

பிறப்பு பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒரு வழி உண்டு. உத்தேசத்தில் மூன்று வருஷம் குறைந்துபோயிருந்தால் கொடுப்பனவும் மூன்று வருஷம் தள்ளிப்போகும். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள உச்சரிப்பில் இன்னொரு பெயர் என்றால் ஈ.பி.எப். கோரிக்கையும் மாட்டிக்கொள்ளும். ஹல்துமுல்லை 1999இலேயே இருமொழி நிருவாகப் பிரிவாக அறிவிக்கப்பட்டது. தமிழில் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் சட்டத்தில் உரிமை உண்டு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதில்தான் அந்த உரிமை கையில் வருவதும் வராததும்.

தோட்டத்துக்கென்று சொந்த ஏற்பாடுகள் இல்லாமலில்லை. மரண உதவிச் சங்கம் பல தோட்டங்களில் ஒழுங்காக நடக்கிறது. சம்பளத்திலேயே சந்தா பிடித்து, சாவு வீட்டுக்குப் பெட்டி, கொட்டகை, சாப்பாடு எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். ஒருவர் செத்த அன்று லயமே கூடி நிற்கிறது. அவர் உயிரோடு இருந்த கடைசிப் பத்து வருஷத்துக்கு அப்படியொரு சங்கம் இல்லை. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. தோட்டங்களிலும் இவற்றை உயிரோடு நடத்தினால், மரண உதவிச் சங்கத்தில் பழகிய கைகளுக்கு இது புது வேலையாக இருக்காது.

தோட்டத்துக்கு வெளியே இரண்டு இடங்களைப் பார்ப்போம். முதலாவது நம் நாட்டிலேயே. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் பங்களிப்பு ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. விவசாயிக்கு அறுபதில் மாதக் காசு. தொகை சிறியது, நிதி முட்டுப்பாடும் வந்தது. ஆனாலும் உடம்பால் உழைப்பவனுக்கு அறுபதுதான் எல்லை என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. தோட்டத் தொழிலாளிக்கு ஈ.பி.எப். இருக்கிறது என்பதால் அந்த வரிசையில் இடம் வரவில்லை.

இரண்டாவது தமிழ்நாடு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கிருந்து போனவர்களில் பலரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். டேன்டீ என்ற கழகம் அதற்காகவே வந்தது. அங்கே அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் முதியோர் உதவித்தொகைக்கு அங்கே வயது 60. ஆதரவற்ற ஏழை முதியவருக்கு 2023 ஓகஸ்டிலிருந்து மாதம் 1,200 இந்திய ரூபா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அக்காள் கப்பலேறிக் கூடலூருக்குப் போய், தங்கை கொஸ்லந்தையில் தங்கியிருந்தால், ஒரே வேலை செய்த இருவரில் ஒருத்தி அறுபதில் முதியவள், மற்றவள் எழுபதில்.

இனி என்ன செய்யலாம்? முதலில் ஒரு பாடம்: ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவில்தான் மீரியபெத்த தோட்டம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. தகவல் இருந்தது, ஆட்களை இடம் மாற்றும் பொறுப்பு தோட்டத்துக்கும் அரசுக்கும் நடுவே கிடந்தது. முதுமையிலும் தகவல் முன்கூட்டியே இருக்கிறது. யாருக்கு எந்த மாதம் அறுபது ஆகிறது என்பது செக்ரோலில் இருக்கிறது. 55 வயதானவரின் பெயரையும் பிறந்த திகதியையும் அப்போதே சரிபார்த்து, அடையாள அட்டையைத் திருத்தி, ஈ.பி.எப். கோரிக்கையையும் பணிக்கொடையையும் கடைசிச் சம்பளத்தோடு முடித்துக் கொடுக்கத் தோட்ட நலன்புரி அலுவலரும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை. நடமாடும் சேவையை டிவிஷன் பிரட்டுக் களத்தில், கொழுந்து நிறுத்து முடிந்த நேரத்தில் வைத்தால் பெரகலைக்கு ஏறி இறங்கும் பயணமும் மிச்சம்.

வயதைக் குறைக்கத்தான் சட்டமும் பணமும் வேண்டும். எழுபதை எல்லோருக்கும் அறுபதாக்க அரசிடம் காசில்லை என்றால், உடலுழைப்பில் ஓய்வு பெற்று, ஓய்வூதியம் இல்லாத வறியவருக்கு மட்டும் 65 என்றாவது தொடங்கலாம். தேர்தலுக்குத் தேர்தல் தொகையைக் கூட்டுவோம் என்று மேடையில் கேட்கிறோம். அடுத்த முறை மேடைக்கு வருபவரிடம் தொகையைக் கேட்பதற்கு முன் வயதைக் கேளுங்கள்.

அடுத்த வாரம்: கவ்வாத்துக் கத்தியில் விரல் போனவர், சரிவில் இடுப்பு உடைந்தவர் – மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் லயத்துக்கு வரும் வழி.

(தொடரும்)