மருமகளோடு வந்த சொற்கள்

ஃபின்னிஷ் மொழியில் அப்பா, சகோதரன், மகன் ஆகிய மூன்றும் பரம்பரைச் சொற்கள். மகள், சகோதரி, மணப்பெண் ஆகிய மூன்றும் கடன்.

கொடுத்தவர்கள் தெற்கே இருந்த பால்டிக் மக்கள்; இன்றைய லிதுவேனியர், லாத்வியரின் மொழிவழி முன்னோர். அவர்களுடைய மொழி இந்தோ-ஐரோப்பியம். ஃபின்னிஷும் எஸ்தோனியனும் ஹங்கேரியனுக்குத் தூரத்து உறவான யூராலிக் மொழிகள். இந்தக் கொடுக்கல் வாங்கல் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே நடந்தது. அதை முறையாக ஆராய்ந்து 1890இல் நூலாக்கியவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன். ஏறத்தாழ 200 சொற்கள் என்பது பொதுவான கணக்கு. சிலவற்றின் மேல் வழக்கு இன்னும் ஓடுகிறது.

வைக்கோல், பட்டாணி, பாலம், ஆட்டுக்கடா போன்றவற்றின் பெயர்களை வாங்கியதில் வியப்பில்லை. புதுப் பொருளோடு புதுப் பெயரும் வரும். ஆனால் பல்? பால்டிக் மக்களைச் சந்திக்கும் முன்பும் ஃபின்னியர் மென்றுதானே தின்றார்கள்! அவர்களுடைய பழைய சொல் 'பீ'. ஹங்கேரியனில் அதன் உடன்பிறப்பு இன்றும் பல்லைத்தான் குறிக்கிறது. ஃபின்னிஷிலோ 'ஹம்மஸ்' வந்து வாயைப் பிடித்துக்கொள்ள, 'பீ' வைக்கோல் வாரியின் பல்லுக்கு ஒதுங்கிவிட்டது.

உடலுறுப்பும் உறவுமுறையும் சந்தையில் கைமாறும் சரக்கல்ல. இரு மொழியும் ஒரே அடுப்படியில் புழங்கியிருக்க வேண்டும். 'மோர்ஸியன்' என்னும் மணப்பெண்ணின் லிதுவேனிய இணையான 'மார்த்தி' மருமகளையும் குறிக்கும். பால்டிக் பெண்கள் வடக்கே வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. சொற்கள் மட்டும் அதற்குச் சாட்சியாகப் போதாதுதான். ஆனாலும் இதைவிட இயல்பான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வாங்கியவர்கள் சொற்களைப் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்கள். வாத்தினப் பறவையான கூஸுக்கு ஃபின்னிஷில் 'ஹன்ஹி'. லிதுவேனியன் 'ஜாஸிஸ்' தன் பேச்சில் தொலைத்த மூக்கொலி இதில் அப்படியே இருக்கிறது. நம் காதில் சமஸ்கிருத 'ஹம்ஸ' ஒலிக்கிறதா? மூலம் ஒன்றுதான், ஆனால் 'ஹ' தற்செயல். பழைய 'ஷ' ஒலி ஃபின்னிஷில் 'ஹ' ஆனது. சமஸ்கிருதத்தின் 'ஹ' வேறு பாதையில் வந்தது.

அந்தப் பழங்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே போன சொற்கள் மிகக் குறைவு. வெகு காலம் கழித்தே லாத்வியன், ஃபின்னிஷின் உறவான லிவோனியனிடமிருந்து கடன் வாங்கியது. அப்படி வந்தவற்றுள் ஒன்று 'புய்கா'. அதற்குப் பொருள், பையன்.