சேலம் சாலையும் குடியானவர் நிலமும்

சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே 277 கிலோமீட்டர் தூரத்துக்கு எட்டுவழிச் சாலை போடச் சர்க்கார் 2018-ஆம் ஆண்டில் முற்பட்டபோது, ஐந்து ஜில்லாக்களின் குடியானவர்கள் கொதித்தெழுந்தார்கள். கிணறென்றும் தோப்பென்றும் பாராமல் அளவுக்கற்கள் நடப்பட்டன, எதிர்த்தவர்கள் கைதானார்கள். 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்துச் செய்தது. உச்ச நீதிமன்றமோ, சுற்றுச்சூழல் அனுமதியை வேலை தொடங்குமுன் பெற்றால் போதும், அறிவிக்கைக்கு முன்பே பெற வேண்டியதில்லை என்று 2020 டிசம்பர் 8-இல் தீர்ப்பளித்தது.

சட்டம் அவ்வாறே இருக்கட்டும். ஆயினும் முறை தலைகீழானது என்பதே நமது அபிப்பிராயம். கல் நட்ட நிலத்தை எவன் வாங்குவான்? அதை ஈடாக வைத்துக் கொண்டு எவன் கடன் கொடுப்பான்? காட்டுக்கும் ஏரிக்கும் விளையும் கேட்டைப் பின்னர் ஆராய்ந்து, பாதையே தவறென்று கண்டால், குடியானவன் செயலற்றுக் கிடந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்?

நாம் சாலைக்கு விரோதிகளல்லோம். உளுந்தூர்ப்பேட்டை மார்க்கத்தில் வாழப்பாடி, ஆத்தூர் முதலிய ஊர்களின் புறவழிகளை இரண்டே தடங்களாகக் கட்டிய சிக்கனத்தை என்னென்பது! அவற்றை விரித்தால் எத்தனை நாழிகை மிச்சமாகும், புதுச் சாலையால் எத்தனை மிச்சமாகும் என்னும் கணக்கை அதிகாரிகள் ஊர்தோறும் கூட்டம் கூட்டிச் சொல்லட்டும். கல் நடுவது அதற்குப் பிறகு.