கார்ட்லெஸ் போன் பழுதானால் யாரைக் கேட்பது?

"லைன்லதான் கோளாறு, டெலிபோன் ஆபீஸ்ல சொல்லுங்க" என்பார் கடைக்காரர். "லைன் நல்லாத்தான் இருக்கு, செட்டை மாத்துங்க" என்பார் லைன்மேன். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பத்து நாள் வைத்திருந்து, "செக் பண்ணிட்டோம், ஓகே" என்று அப்படியே திருப்பித் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அதே கரகரப்பு. கார்ட்லெஸ் போனும் அதோடு சேர்ந்த ஆன்சரிங் மெஷினும் வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை இந்த அலைச்சல்தான்.

இதில் அதிகம் அவதிப்படுகிறவர்கள் முதியவர்கள். பெரிய பொத்தான், உரத்த மணி, படுக்கையருகே ஒரு ஹேண்ட்செட், அடுப்படியில் இன்னொன்று என்று அவர்களுக்காகவே பிள்ளைகள் வாங்கி வைக்கும் கருவி இது. மூட்டுவலியோடு ஓடிப்போய் போனை எடுக்க வேண்டாம்; எடுக்க முடியாமல் போனாலும் பேசியவர் குரல் பதிவாகி இருக்கும். தனியாக இருக்கும் அம்மாவுக்கு இது உயிர்காக்கும் சாமான். "மூவாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் போய் புகாரா" என்று நினைத்து விட்டுவிடுபவர்களுக்கு நான் சொல்வது: விலை சிறிது, அதை நம்பி இருக்கும் காரியம் பெரிது. சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது.

முதல் வேலை, கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிப்பது. ஒரு சாதாரண வயர் போன் போதும். கார்ட்லெஸ் செட்டின் பேஸைக் கழற்றிவிட்டு, சுவரில் லைன் வந்து சேரும் பெட்டியிலேயே வயர் போனை நேராக மாட்டுங்கள். பைபர் இணைப்பு என்றால் மோடத்தின் போன் துளையில் மாட்டுங்கள். டயல் டோனைச் சில நிமிடம் காதில் வைத்துக் கேளுங்கள், ஒருவரோடு பேசிப் பாருங்கள். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மழை பெய்தால் அப்போதும் ஒரு முறை. வயர் போனிலும் இரைச்சல் வந்தால் லைன் கோளாறு. அது தெளிவாக இருந்து கார்ட்லெஸ் மட்டும் கரகரத்தால் கோளாறு செட்டில். செம்புக் கம்பி வழியே பிராட்பேண்டும் வரும் வீடுகளில் மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: இணையத்தையும் பேச்சையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். அதைத் தவறாக மாட்டியிருந்தாலும், அது கெட்டுப்போனாலும் போனில் சீறல் கேட்கும்.

இந்தச் சோதனையைச் செய்யும்போதே கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். வயர் போன் தெளிவாக ஒலிப்பதும், அடுத்த நிமிடமே அதே லைனில் கார்ட்லெஸ் கரகரப்பதும் ஒரே வீடியோவில் இருந்தால், "லைன்ல கோளாறு" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஆன்சரிங் மெஷினில் இன்னொரு வினோதக் கோளாறு உண்டு. வெளியே போய்விட்டு வந்து பார்த்தால் நிறையத் தகவல்கள் பதிவாகியிருக்கும். போட்டுக் கேட்டால் ஒன்றிலும் குரல் இருக்காது, பீப் பீப் என்ற சத்தம்தான் நிமிடக் கணக்கில் ஓடும். கூப்பிட்டவர் போனை வைத்துவிட்டதை மெஷின் உணரவில்லை என்று அர்த்தம். போனை வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் சமிக்ஞை நாட்டுக்கு நாடு வேறு. நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து ஒலிக்கும். அங்கத்திய லைனுக்காகச் செய்த மெஷின் இங்கே குழம்பிப்போய் நினைவகம் நிரம்பும்வரை பதிவு செய்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகு வரும் உண்மையான தகவலுக்கு இடமிருக்காது. இந்திய லைனுக்கு ஏற்றது என்று சொல்லி ஒரு கடை விற்ற மெஷின் இப்படிச் செய்தால் அது குறைபாடுள்ள பொருள். மகன் அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்ததாக இருந்தால் இங்கே யாரையும் கேட்க முடியாது.

அந்த அமெரிக்க போனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு கொண்டுவரும் பொருள் அது. அங்கே விற்கும் கார்ட்லெஸ் போன்களின் பெட்டியில் பெரும்பாலும் 'டெக்ட் 6.0' என்று அச்சிட்டிருக்கும். டெக்ட் என்ற டிஜிட்டல் கார்ட்லெஸ் முறையின் புதிய ரகம் போலத் தோன்றும் பெயர். உண்மையில் அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை அமெரிக்காவில் ஒதுக்கிய அலைவரிசையில் இயங்கும் ரகம். ஐரோப்பிய டெக்ட் போன்கள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இந்தியாவில் 1920-க்கு மேலே உள்ள அலைவரிசை, கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் சமிக்ஞைக்கானது. 2010 ஏலத்தில் 3ஜி சேவைக்காக விற்ற அலைவரிசை அது. பிறகு அதிலேயே 4ஜியும் ஓடுகிறது. டெக்ட் போனின் பேஸ், யாரும் பேசாத நேரத்திலும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே மேசைமேல் சும்மா இருக்கும் ஒரு பேஸ்கூட அக்கம்பக்கத்து டவருக்கு இடைஞ்சல் செய்யலாம். இந்த ரகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை எச்சரித்திருக்கிறது.

அனுமதியில்லாத ரேடியோ கருவியை வைத்திருப்பதே 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டப்படி குற்றம். அதற்கு மாற்றாக இயற்றிய 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் பேஸின் மின்இணைப்பைப் பிடுங்கி, ஹேண்ட்செட் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். பழைய சாமான் விற்கும் தளங்களில் போட்டுப் பிறர் தலையில் கட்டாதீர்கள். இன்னொரு ஆபத்தும் அதில் உண்டு: அமெரிக்க அடாப்டர்கள் பல 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்தவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் செருகக் கூடாது.

இங்கே கடையில் வாங்குவதிலும் வெளிநாட்டிலிருந்து கணக்கில்லாமல் வரும் சரக்கு கலந்திருக்கும். பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, ரூபாயில் அதிகபட்ச விலை, மாதமும் ஆண்டும், புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-இல் வந்தபோது, அதன் முதல் பட்டியலில் இருந்த 15 பொருள்களில் டெலிபோன் ஆன்சரிங் மெஷினும் ஒன்று. அதனால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டிவிடும். கடையை விட்டு வெளியே வரும் முன்னரே பார்த்துவிடலாம்.

பில் கேளுங்கள். "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேரும், வேண்டாமே சார்" என்ற பேச்சுக்கு மயங்கினால், பிறகு எந்த வழியும் சிக்கலாகிவிடும். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். பழுதான பொருள் விஷயத்தில் அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. பில்லில் திருப்பித் தரக் கெடு எதுவும் சொல்லாவிட்டால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே சட்டப்படி தவறு. இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரை ஏற்று ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது ஜாப் ஷீட் வாங்காமல் வராதீர்கள். அதில் அவர்கள் 'நாட் ஒர்க்கிங்' என்று இரண்டே சொல்லில் எழுதுவார்கள். 'வயர் போனில் சத்தம் இல்லை, இந்த ஹேண்ட்செட்டில் மட்டும் தொடர்ந்து இரைச்சல்' என்று உங்கள் குறையை முழுதாக எழுதச் சொல்லுங்கள். ஒரே கோளாறுக்கு மூன்று ஜாப் ஷீட் கையில் இருந்தால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. இடி மின்னலில் போனது வாரண்டியில் வராது என்று சொல்லி மறுத்தால், அதையும் எழுத்தில் கேளுங்கள்; எந்தப் பாகம் எப்படிப் போயிற்று என்று எழுதித் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இடிக்கத் தொடங்கினால் மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, போன் லைன் வயரையும் கழற்ற வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கடையும் கம்பெனியும் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளை எங்கோ வாங்கியிருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த நிறுவனம் இரண்டையுமே எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால் பழியை மற்றதன் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கும். தேவைப்பட்டால் ஆணையம் செட்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். சட்டம் சொல்வது மூன்று மாதம், சோதனை வேண்டுமென்றால் ஐந்து மாதம்; நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்பதையும் தெரிந்தே இறங்க வேண்டும். ஆனால் முறையான நோட்டீஸ் கையில் கிடைத்ததும் புது செட்டைத் தந்து முடித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மகள் சிங்கப்பூரிலிருந்து இந்திய இணையக் கடையில் பணம் கட்டி, பொருள் தஞ்சாவூரில் அம்மா வீட்டில் வந்து இறங்கியிருந்தால் புகார் செய்யும் உரிமை யாருக்கு? இருவருக்கும் உண்டு. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோரே. அம்மா தன் பெயரிலேயே தஞ்சாவூரில் மனு கொடுக்கலாம்.

கோளாறு லைனில் என்றால் போன் நிறுவனத்திடம் புகார் பதிந்து, டாக்கெட் எண்ணை எழுதி வையுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். போன் சேவைக் குறைக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று 2009-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அதைக் காட்டியே பல மனுக்கள் தள்ளுபடியாயின. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னும் பழைய தீர்ப்பையே சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

கரண்ட் போனால் கார்ட்லெஸ் போன் செத்துவிடும், ஏனென்றால் பேஸுக்கு மின்சாரம் வேண்டும். ராத்திரியில் நெஞ்சுவலி வந்து 112-ஐ அழைக்க வேண்டிய நேரத்தில் இது தெரியவந்து பயனில்லை. வீட்டில் ஒரு வயர் போன் எப்போதும் இருக்கட்டும். பைபர் இணைப்பில் வயர் போனும் மோடத்தை நம்பியே இருப்பதால், மோடத்தையும் பேஸையும் இன்வர்ட்டர் பிளக்கில் மாட்டுங்கள். ஹேண்ட்செட்டில் இருப்பது 1.2 வோல்ட் ரீசார்ஜ் பேட்டரி. அது தீர்ந்ததும் பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் பேட்டரியைப் போட்டு பேஸில் வைத்தால் அது சூடாகும், கசியும், சமயத்தில் வெடிக்கவும் கூடும்.

அந்தரங்கத்துக்கு வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஆன்சரிங் மெஷினில் பதிவானதை வெளியூரிலிருந்து கூப்பிட்டுக் கேட்க ஒரு ரகசிய எண் உண்டு. கம்பெனி போட்டு அனுப்பிய எண்ணையே மாற்றாமல் விட்டால், அது தெரிந்த யாரும் உங்கள் பதிவுகளைக் கேட்கலாம். சில சேவைகள் ஓ.டி.பி.யைக் குரலிலும் சொல்கின்றன; அந்தக் குரல் மெஷினில் பதிவாகிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாளே எண்ணை மாற்றுங்கள். "நாங்க திருப்பதி போயிருக்கோம், புதன்கிழமை வருவோம்" என்று வரவேற்பு வாசகம் பதியாதீர்கள். "இப்போது போனை எடுக்க முடியவில்லை" என்பது போதும். பேசுபவர் குரல் பதிவாகும்போதே ஸ்பீக்கரில் ஒலிக்கும் வசதியையும் அணைத்து வையுங்கள். பரிசோதனைக்கூடத்திலிருந்து வரும் ரத்தப் பரிசோதனைச் செய்தி கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கும் கேட்க வேண்டியதில்லை.

கார்ட்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்க முடியுமா என்றால், முடியும். பழைய அனலாக் செட்டுகளை ஒரு ஸ்கேனர் வைத்தே கேட்கலாம். டெக்ட் செட்டுகளிலும் குறியாக்கம் இல்லாதவற்றை மலிவான ஒரு கணினி அட்டையால் கேட்க முடியும் என்று 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். வங்கி விவரங்களை வயர் போனில் பேசுவது நல்லது. எந்த போனிலும் வரக்கூடிய இன்னொரு ஆபத்து மோசடி அழைப்பு. "உங்கள் இணைப்பு இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்தவும்" என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பெயரில் வரும் பதிவுக் குரல் மோசடி. அதை நம்பிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்.

பழைய செட்டைக் குப்பையில் போடுவதற்கும் விதி குறுக்கே நிற்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் பட்டியலில் கார்ட்லெஸ் போனும் ஆன்சரிங் கருவியும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. கொடுப்பதற்கு முன் பதிவான குரல்களையும் சேமித்த எண்களையும் அழித்து, பேட்டரியைத் தனியே எடுத்துக் கொடுங்கள்.