தோல் மேளம் சொல்லும் அடிமைகளின் கதை

சந்தையில் "மோரீஸ் பழம்" என்று ஒரு வாழைப்பழம் விற்கிறார்கள் அல்லவா? அது மொரீஷியஸ் தீவின் பெயர். இந்துமகா சமுத்திரத்தில், நமக்குத் தென்மேற்கே இருக்கிறது அந்தத் தீவு.

தீவின் ஓரத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது ஒரு மலை. பெயர் லெ மோர்ன். உயரம் 1,800 அடிக்கு மேல். செங்குத்தான பாறை. ஆண்டுதோறும் பிப்ரவரி 1-ந்தேதி ஜனங்கள் அதன் அடிவாரத்தில் கூடி மலர் வைக்கிறார்கள்.

ஏன்?

ஓடினால் காது போகும்!

மொரீஷியசை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆண்களையும் பெண்களையும் கப்பலில் அடைத்துக் கொண்டு வந்தார்கள். நம் புதுச்சேரியிலிருந்தும் அடிமைகள் போனார்கள்.

1723-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு மாதம் ஓடி ஒளிந்த அடிமைக்குக் காதை அறுத்து, தோளில் சூடு போட வேண்டும். மறுபடி ஓடினால் கால் நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை, மரணம்.

அப்படியும் ஓடினார்கள்! லெ மோர்ன் மலையில் ஏறி, குகைகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

சிப்பாய்கள் வந்தார்கள்

1810-ல் தீவு இங்கிலீஷ்காரர் கைக்குப் போயிற்று. 1835-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி அடிமை முறை ஒழிந்தது.

அந்தச் செய்தியைச் சொல்ல சிப்பாய்கள் மலையை நோக்கி வந்தார்களாம். மேலே இருந்தவர்கள் பார்த்தார்கள். "நம்மைப் பிடிக்க வருகிறார்கள்!" என்று நினைத்தார்கள். மறுபடி அடிமை ஆவதைவிடச் சாவதே மேல் என்று, பாறையிலிருந்து குதித்து விட்டார்கள்.

இது நடந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. எப்படி இருக்கும்? அடிமையின் பெயர், வயது, தொழில், இவற்றைத்தான் ஏட்டில் எழுதினார்கள். அவன் மனதில் இருந்ததை யார் எழுதினார்கள்? பாட்டி பேரனுக்குச் சொன்னாள். பேரன் தன் பிள்ளைக்குச் சொன்னான். வாய்வழியாக வந்த இந்த நினைவையும் மதித்துத்தான், யுனெஸ்கோ 2008-ல் லெ மோர்னை உலகப் பாரம்பரிய இடமாக்கியது.

இன்னொன்று ஏட்டில் தெளிவாக இருக்கிறது. விடுதலையின்போது நஷ்டஈடாக 20 லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். யாருக்கு? முதலாளிகளுக்கு! அடிமைகளுக்குக் காலணா இல்லை. 1839 வரை பழைய எஜமானிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது.

நெருப்பில் காய்ச்சும் மேளம்

அடிமைகளின் துக்கமும் கேலியும் பாட்டாயின. அந்தப் பாட்டும் ஆட்டமும் சேர்ந்ததே "சேகா". அதற்கு "ரவான்" என்று ஒரு மேளம். வட்டமான மரச்சட்டம், ஆட்டுத்தோல். அடிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சுவார்கள். நம் ஊர்ப் பறையைக் காய்ச்சுகிறோமே, அதே மாதிரி! பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் இழைத்து இழைத்து ஆடுவார்கள்.

பெரிய வீடுகளில் சேகா என்றாலே முகம் சுளித்த காலம் உண்டு. 2014-ல் யுனெஸ்கோ அதையும் பட்டியலில் சேர்த்தது. தலைநகர் போர்ட் லூயியில், பழைய ராணுவ ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் அடிமை வரலாற்றுக்கு ஒரு மியூசியமும் இருக்கிறது.

அடிமைகள் விட்ட கரும்புத் தோட்டங்களுக்குத்தான் நம் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்கள் சந்ததியார் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள். தைப்பூசத்துக்கு அரசாங்க விடுமுறை. பிப்ரவரி 1-ந்தேதிக்கும் விடுமுறை. 2026-ல் இரண்டும் ஒரே நாள்!

விடுகதை தெரியுமா?

அந்தத் தீவின் கதை சொல்லிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. "சிராந்தான்?" என்று கேட்பார்கள். "விடுகதை போடட்டுமா?" என்று அர்த்தம். "சாம்பெக்!" என்று கூட்டம் கத்த வேண்டும். கத்தினால்தான் விடுகதை வரும்.

"தொங்குகிற தண்ணீர் எது?"

"தேங்காய்!"

"நிற்கிற தண்ணீர் எது?"

நம் பிள்ளைகள் யோசிப்பார்கள். தோட்டத்தில் வெட்டி வெட்டிக் கை காய்த்தவர்களின் பிள்ளைகள் யோசிப்பதில்லை.

"கரும்பு!"