உஷார்! பழைய படகின் புரொப்பெல்லரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

மே மாத நீண்ட வாரயிறுதி நெருங்கினால் போதும், ஒன்டாரியோவில் பழைய மோட்டார் படகுகள் கைமாறத் தொடங்கிவிடும். முப்பது வயதான பதினெட்டடிப் படகு, டிரெய்லரோடு மலிவாகக் கிடைக்கும். புரொப்பெல்லர் மட்டும் நசுங்கியிருக்கும். "அதுக்கென்ன, பழசுல இருக்கிற நம்பரைப் பாத்து அதே மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க" என்பார் விற்பவர். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள்! எஞ்சினைச் சத்தமில்லாமல் கொல்லும் வழி அது.

புரொப்பெல்லரின் நடுக்குடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விட்டம். மற்றது பிட்ச், அதாவது தண்ணீரில் வழுக்காமல் சுற்றினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. ஆளைக் கவிழ்ப்பது இந்தப் பிட்ச்தான். பழைய சொந்தக்காரர் வேக ஆசையில் பெரிய பிட்ச் மாட்டியிருக்கலாம். கராஜில் கிடந்ததை எடுத்துச் செருகியிருக்கலாம். அந்த எண் அவர் எதை மாட்டினார் என்பதைத்தான் சொல்லும், உங்கள் படகுக்கு எது பொருந்தும் என்பதைச் சொல்லாது.

பொருத்தத்தைச் சொல்வது எஞ்சின்தான். த்ராட்டிலை முழுக்கத் தள்ளும்போது எத்தனை ஆர்.பி.எம். வர வேண்டும் என்று ஒவ்வொரு எஞ்சினின் கையேட்டிலும் போட்டிருக்கிறார்கள். இந்த அளவுப் படகுகளில் அடிக்கடி கண்ணில் படும் மெர்க்ரூசர் 3.0 லிட்டர் எஞ்சினுக்கு அது 4400 முதல் 4800 வரை. வழக்கமாக ஏறும் ஆட்கள், நிரம்பிய டாங்க், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் அந்த வரம்பை, முடிந்தால் அதன் மேல் பாதியை, எட்ட வேண்டும். 3900-லேயே நின்றுவிட்டால் பிட்ச் அதிகம் என்று சந்தேகப்படுங்கள். மலையேறும் லாரியை டாப் கியரிலேயே மிதிப்பது போலத்தான் இது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறி, பெட்ரோல் கலவை ஒழுங்காக எரியாமல் வெடிக்கும். பிஸ்டன் தலை ஓட்டையாகும், ஹெட் கேஸ்கெட் போகும். மூடிக்குள் இருக்கும் எஞ்சினில் அந்தத் தட்டல் சத்தம் காதில் விழாது. படகு என்னவோ நன்றாக ஓடுவது போலவே இருக்கும்! பிட்ச் குறைந்தால் எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றும், அதுவும் கேடுதான். ஆனால் அப்போது எஞ்சின் அலறும், கை தானாக த்ராட்டிலை இழுத்துவிடும்.

பழைய படகில் இந்தக் கவலை இரட்டிப்பாவதற்குக் காரணம், அது தொழிற்சாலையிலிருந்து வந்த அதே படகு இல்லை என்பதுதான். தரைக்கு அடியில் இருக்கும் நுரை வருடக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கும். நூறு லிட்டர் ஊறியிருந்தால் நூறு கிலோ. கண்ணுக்குத் தெரியாத ஒரு பயணி எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். லாரி எடைமேடையில் டிரெய்லரோடு நிறுத்தி, டிரெய்லர் எடையைக் கழித்துப் பாருங்கள். எஞ்சினின் கம்ப்ரெஷனும் குறைந்திருக்கலாம். இடையில் யாராவது எஞ்சினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் டிரைவை மாற்றியிருந்தால் கியர் விகிதமே வேறாக இருக்கும். உயரமும் ஒரு விஷயம். கடல் மட்டத்தில் சரியாக ஓடிய படகை, 6,200 அடிக்கு மேல் இருக்கும் டாஹோ ஏரிக்குக் கொண்டுபோனால் காற்று மெலிந்து சக்தி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கே அதே பிட்ச் எஞ்சினை நசுக்கும்.

இதையெல்லாம் சோதிக்கும் கருவியே பொய் சொல்லலாம் என்பதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் சங்கதி. பழைய டேக்கோமீட்டர்கள் பலவற்றின் முதுகில் 4, 6, 8 என்று சிலிண்டர் எண்ணிக்கைக்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அது இடம் மாறியிருந்தாலோ, உள்ளே துரு பிடித்திருந்தாலோ முள் காட்டுவது வெறும் கற்பனை. மெக்கானிக்கிடம் கையடக்க டேக்கோமீட்டர் இருக்கும், முதலில் ஒப்பிட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஜி.பி.எஸ்ஸையும் சாட்சிக்கு அழையுங்கள். எஞ்சின் 4600, கியர் விகிதம் இரண்டுக்கு ஒன்று என்றால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2300 சுற்று. 19 அங்குலப் பிட்ச் வழுக்காமல் போனால் மணிக்கு ஏறக்குறைய 66 கி.மீ. இந்த மாதிரிப் படகில் வழுக்கல் 10 முதல் 15 சதவீதம் இருக்கும், ஆக 56-லிருந்து 60 வரை எதிர்பார்க்கலாம். ஜி.பி.எஸ். 45 காட்டினால் எங்கோ கோளாறு. அதைக் கண்டுபிடிக்காமல் புதியது வாங்குவது வீண். இந்த ஓட்டத்தைக் கரையிலிருந்து நன்கு விலகி, எல்லோரையும் உட்காரவைத்துச் செய்யுங்கள். ஒன்டாரியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் 10 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

எஞ்சினும் அடிப்பாகமும் சுத்தமாக இருந்தும் ஆர்.பி.எம். குறைகிறதா? ஒரு அங்குலப் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 வரை ஏறும். 21-இல் 4200 வந்தால், 19-இல் 4500-ஐ எட்டிவிடும். கடைக்காரர் மாற்றிக் கொடுப்பாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எஞ்சின் சீறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் பிட்ச்சைத் திட்டாதீர்கள். குடத்துக்குள் இருக்கும் ரப்பர் பிடி விட்டிருக்கலாம். பின்பக்கத்தில் உள் வளையத்திலிருந்து வெளிக்குடம் வரை பெயின்ட்டால் ஒரே கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் சுற்றிவிட்டது. ஏரி நடுவில் இது நடந்தால் மெதுவாக, மிக மெதுவாகத்தான் கரை வர முடியும்.

எவர்சில்வர் புரொப்பெல்லர் மினுக்கும், வேகமும் கொஞ்சம் கூடும். ஆனால் ஜார்ஜியன் விரிகுடாவின் கருங்கல் பாறைகளில் இடித்தால் அலுமினியம் வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், எவர்சில்வரோ அதை கியருக்கு அனுப்பிவிடும். பழைய டிரைவுக்கு அலுமினியமே போதும் என்பேன்.

கழற்றும்போது சாவியை எடுத்து, பாட்டரி இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். பிளேடுக்கும் மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் மரக்கட்டையைக் கொடுத்து நட்டைத் திருகுங்கள், பிளேடைக் கையால் பிடிக்கவே வேண்டாம். கழன்றதும் ஷாஃப்டில் மீன்பிடி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆயில் சீலை அறுத்தால் தண்ணீர் புகுந்து கியர் எண்ணெய் பால்போல வெளுத்துவிடும். முன்னால் இருக்கும் த்ரஸ்ட் வாஷரைத் தரையில் மறந்துவிட்டு மாட்டினால் புரொப்பெல்லர் கியர் பெட்டியையே அரைக்கும். ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் தடவி, கையேட்டில் சொன்ன இறுக்கத்தில் முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் அந்த நட்டை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.