வயிற்றுக் கணக்கு: 43 திர்ஹாமா, 80 திர்ஹாமா?

பென்னாகரத்திலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர் பெட்டியில் 2 கிலோ கேழ்வரகு மாவு இருக்கும், புளி இருக்கும், இட்லிப் பொடி இருக்கும். கடைசி நேரத்தில் அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தைத் திணிப்பார்: ஓமமும் சுக்கும். "வயித்தால போச்சுன்னா கொதிக்க வெச்சுக் குடி கண்ணு." மகன் தலையாட்டுவான். போன இடத்தில் ஒருநாள் நிஜமாகவே வயிறு கெடும்போது, 'டாக்டர்கிட்ட போனா எவ்வளவு ஆகுமோ' என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, போகாமல் படுத்துக்கொள்வான். பாதியில் விட்ட அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

கிளம்பும் முன்: 275 ரூபாய்

10-ஆம் வகுப்பு தேறாமல் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறவருக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. நாளுக்கு 40 காசுகூட ஆகவில்லை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 1 லட்சம் வரை, ஒரு தடவைக்கு 50,000 வரை.

இதில் 'சேர்ந்தால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினால் இந்தக் காப்பீட்டில் ஒரு பைசா வராது. வயிற்றுக் கோளாறில் பெரும்பாலானவை அப்படி முடிகிறவைதான்.

போன இடத்தில்: 320 திர்ஹாம்

அந்த இடைவெளியை அடைப்பது வேலை தருகிறவர் எடுக்கும் காப்பீடு. ஐக்கிய அரபு அமீரகத்தில், அபுதாபியிலும் துபாயிலும் முன்பே இருந்த இந்தக் கட்டாயம், 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகளுக்கும் வந்துவிட்டது. அங்கே அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 320 திர்ஹாம். கட்டவேண்டியவர் முதலாளி, தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. டாக்டரைப் பார்க்கும் செலவில் தொழிலாளியின் பங்கு 25 சதவீதம், ஒரு தடவைக்கு 100 திர்ஹாமுக்கு மேல் போகாது. அதே நோய்க்கு 7 நாளுக்குள் திரும்பப் போனால் அந்தப் பங்கும் இல்லை. மருந்தில் பங்கு 30 சதவீதம்.

 

இரண்டு நாள் கணக்கு

ஒரு பேச்சுக்கு, ஷார்ஜாவில் மாதம் 1,200 திர்ஹாம் சம்பளம், டாக்டர் கட்டணம் 100, மருந்து 60 என்று வைத்துக்கொள்வோம்.

டாக்டரிடம் போனால்: 25 + 18 = 43 திர்ஹாம்.
போகாமல் 2 நாள் படுத்தால்: 40 + 40 = 80 திர்ஹாம் சம்பளம்.

80 ஏன் போகிறது? அங்குள்ள தொழிலாளர் சட்டப்படி, தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு ஆண்டில் 90 நாள் வரை நோய் விடுப்பு உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சத்துக்குச் சம்பளம் இல்லை. ஆனால் 3 வேலை நாளுக்குள் முதலாளிக்குச் சொல்லி, மருத்துவ அறிக்கையும் கொடுக்க வேண்டும். டாக்டரிடம் போகாதவர் கையில் அந்தச் சீட்டு ஏது? 43 திர்ஹாமில் மருந்தோடு சம்பளமும் கைக்கு வருகிறது. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்குத்தான் சம்பளத்தோடு விடுப்பு இல்லை.

20.5 கிராம்

டாக்டரிடம் போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்துவைப்பது ஓஆர்எஸ் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் 1 லிட்டர் தண்ணீருக்கு இப்படி: குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. மொத்தம் 20.5 கிராம். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

பாக்கெட்டை மருந்துக் கடையில் வாங்குங்கள். இந்தச் சூத்திரப்படி இல்லாத இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டதை நினைவில் வையுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

 

கணக்குப் பார்க்கக் கூடாத நேரம்

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, சிறுநீர் குறைவு, எழுந்தால் தலைசுற்றல், விடாத வயிற்றுவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அந்த நிலையில் பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடக் கூடாது. ஓட்டல் அடுப்படியில் வேலை செய்பவர், பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையலைத் தொடக் கூடாது. கையில் பணமே இல்லாதபோது இந்தியத் தூதரகத்தைக் கேட்கலாம். அவசர சிகிச்சைக்கு உதவ அங்கே இந்திய சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது.

10 ஓஆர்எஸ் பாக்கெட் சுமார் 200 கிராம்; பெட்டியில் இருக்கும் கேழ்வரகு மாவில் பத்தில் ஒரு பங்கு. காப்பீட்டுத் தாளின் நகலுக்கு எடையே இல்லை. அம்மா கட்டிய ஓமப் பொட்டலத்தை எடுக்க வேண்டாம். அதன் பக்கத்திலேயே இரண்டையும் வைத்துப் பெட்டியை மூடலாம்.