முகமூடிப் பெயரும் வீட்டுப் பெயரும்



ஒரு நாள் ஓய்வு வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் வழக்கு ஒன்றோடு என் அறைக்கு வந்தனர். 'எனக்குப் பிடித்த வீரர்' என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டுரைத் தலைப்பு. ஒருவன், "பீட்டர் பார்க்கர் சுவரில் ஏறினான்" என்று எழுதியிருந்தான். மற்றவனோ, "முகமூடி அணிந்த பிறகு அவன் ஸ்பைடர்மேன். பீட்டர் என்று எழுதினால் பிழை" என்று வாதாடினான். "ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்று இருவரும் நின்றனர். நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கே உடனே விடை தெரியவில்லை.

இத்தகைய இரட்டைப் பெயர் வீரர்கள் அமெரிக்கப் படக்கதைகளில் பெருகத் தொடங்கியது 1938ஆம் ஆண்டில். அவ்வாண்டு வெளிவந்த சூப்பர்மேன், நாளிதழ் நிருபராக இருக்கும்போது கிளார்க் கென்ட். 1939இல் வந்த பேட்மேன், வீட்டில் புரூஸ் வெய்ன். ஸ்பைடர்மேன் 1962இல் பிறந்தவன். நம் நாட்டிலும் 1998இல் 'கெலுவாங் மேன்' என்னும் கேலிச்சித்திரத் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. கெலுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். பகலில் மனநல மருத்துவமனையில் போர்ஹான் என்னும் நோயாளி. இரவில் ஊரைக் காக்கும் வீரன். 2025இல் அது திரைப்படமாகவும் வந்ததால், இன்றைய மாணவர்களும் அவனை அறிவர்.

என் சிறு வயதில் எங்களுக்கு வாய்த்த வீரர் வேறொருவர். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், தன் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியை நமக்கு அறிமுகம் செய்தது. மின்சாரம் உடலில் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும்; இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். கிள்ளானுக்குச் சென்றுவரும் பெரியவர்கள் எப்போதாவது ஓர் இதழ் வாங்கி வந்தால், அது லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை சென்று, அட்டை இல்லாமல் திரும்பி வரும். அந்த வீரனின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டேல். அவன் ஆங்கிலேயர் படைத்த பாத்திரம். ஆயினும் எங்களில் எவரும் அவனைக் கிராண்டேல் என்று அழைத்ததில்லை. மாயாவி என்றால்தான் மெய்சிலிர்க்கும். மின்கம்பியைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று எண்ணியவர்களும் எங்களில் உண்டு. (மாணவர்களே, அதனை ஒருபோதும் செய்யாதீர்கள்!)

ஆனால், இக்கேள்விக்குச் சிறந்த விடை நம் பழைய பாரதக் கதையில் இருக்கிறது என்பது அன்றிரவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடித்த பாண்டவர், பதின்மூன்றாம் ஆண்டில் ஒருவரும் அறியாதபடி மறைந்து வாழவேண்டும். அடையாளம் தெரிந்தால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு காடு. ஆகவே, விராட மன்னனின் நகரில் தருமர் கங்கர் என்ற பெயரில் அரசனுடன் சூதாடும் தோழரானார். வீமன் வல்லவன் என்ற பெயரில் சமையற்காரனானான். அருச்சுனன் பிருகன்னளை என்னும் பெயரில் அரசகுமாரிக்கு ஆடல் பாடல் கற்பித்தான். திரௌபதி சைரந்திரி என்னும் பணிப்பெண் ஆனாள்.

இவை ஊருக்குச் சொன்ன பெயர்கள். இவற்றுக்கும் உள்ளே, ஐவரும் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்ட இரகசியப் பெயர்கள் வேறு இருந்தன: ஜெயன், ஜெயந்தன், விஜயன், ஜெயசேனன், ஜெயத்பலன். அவற்றின் பயனைப் பாருங்கள். கீசகன் மாண்டபின் அவனுடைய உறவினர் திரௌபதியைக் கட்டிச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றனர். உயிர் போகும் அந்த வேளையிலும் அவள் "வீமா!" என்று கதறவில்லை. இரகசியப் பெயர்களைச் சொல்லியே கூவினாள். வீமன் கேட்டு ஓடி வந்தான். சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறைபெயரைக் காப்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பிறகு பசுக்கூட்டத்தை மீட்கப் போர் வருகிறது. உத்தரன் என்னும் இளவரசன் பகைப் படையைக் கண்டு நடுங்கி, தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். தேரோட்டி வந்த பிருகன்னளை அவனைப் பிடித்து நிறுத்தி, வன்னிமரத்தில் மறைத்து வைத்த படைக்கலங்களை எடுக்கச் செய்து, "நான்தான் அருச்சுனன்" என்கிறாள். உத்தரன் உடனே நம்பிவிடவில்லை. அருச்சுனனுக்குப் பத்துப் பெயர்கள் உண்டாமே, அவற்றைச் சொல் பார்ப்போம் என்று கேட்கிறான். ஒவ்வொன்றுக்கும் காரணமும் கேட்கிறான். நல்ல மாணவன்! வெற்றி பெற்றுத் திரும்பியதும், அருச்சுனன் கேட்டுக்கொண்டபடி, உத்தரன் உண்மையைத் தந்தையிடம் சொல்லவில்லை. தேவகுமாரன் ஒருவன் வந்து வென்றான் என்று மட்டும் சொன்னான். பெயர் தெரிந்தது; ஆனால் அதனை வெளியிடும் உரிமை தனக்கில்லை என்று அவன் அறிந்திருந்தான்.

இதற்கிடையே அரண்மனையில் ஒரு கொடுமை நடந்தது. மகனே வென்றான் என்று மகிழ்ந்திருந்த விராடனிடம், பிருகன்னளை துணை நிற்கையில் வெற்றி கிடைக்காமல் போகுமா என்றார் கங்கர். அரசன் சினந்து, கையிலிருந்த சூதுக்காயால் அவர் முகத்தில் அடித்தான். வழிந்த குருதி மண்ணில் விழாதபடி சைரந்திரி பொற்கிண்ணத்தில் ஏந்தினாள். சிந்தித்துப் பாருங்கள்: எதிரே அமர்ந்திருப்பவர் தருமர் என்று தெரிந்திருந்தால் விராடன் கை ஓங்கியிருப்பானா? கங்கன்தானே, நம் சோறு தின்கிறவன்தானே என்ற எண்ணமல்லவா அந்தக் கையை ஓங்க வைத்தது!

நம் காலத்து வரலாற்றிலும் இது உண்டு. சுபாஷ் சந்திர போஸ் 1941 சனவரியில் கல்கத்தாவிலிருந்து முகம்மது ஜியாவுதீன் என்ற பெயரில் தப்பினார். ஓர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியப் பெயரில் ஜெர்மனி சேர்ந்தார். 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்தபோது அவருக்கு 'நேதாஜி' என்ற பெயரே நிலைத்திருந்தது. அவ்வாண்டு அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற பெண்கள் பலர். ஜான்சி ராணி என்பதும் பட்டமே. அந்த வீராங்கனையின் பிறந்த வீட்டுப் பெயர் மணிகர்ணிகா. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் அப்படையில் பணியாற்றியவர்; 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. அவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. அவரோடு துப்பாக்கி ஏந்திய பால்மரத் தொழிலாளிப் பெண்கள் பலருக்குப் படையின் பெயர் மட்டுமே மிஞ்சியது. இதனை எண்ணும்போதெல்லாம் என் மனம் நோகும்.

மறுநாள் மாணவர் இருவரும் வந்தனர். வீரன் தானே விரும்பிச் சூடிய பெயரை, அவன் முகமூடி அணிந்திருக்கும் வரையில் நாமும் மதித்துச் சொல்லவேண்டும்; வீட்டில் இருக்கும்போது வீட்டுப் பெயர் என்று தீர்ப்புச் சொன்னேன். பீட்டரை வளர்த்த மே என்னும் அம்மையார் அவனைப் பீட்டர் என்றுதானே அழைக்கிறார்? (அவர் தந்தையின் உடன்பிறந்தாரின் மனைவி. ஆகவே, நம் முறைப்படி பெரியம்மா ஆவார். அத்தை என்று எழுதுவது பொருந்தாது.)

முதல் மாணவன் போகாமல் நின்றான். "ஐயா, நாமே வைத்துக்கொள்ளாத பெயராக இருந்தால்?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுடைய உடம்பைக் குறித்து வகுப்பார் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தனர். மூன்று ஆண்டாக அவனை எவரும் இயற்பெயரால் அழைப்பதில்லை. திடலில் ஒருநாள் நானே அப்பெயரால் அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். பீட்டர் பார்க்கர் என்றே எழுதவேண்டும் என்று அவன் ஏன் பிடிவாதம் பிடித்தான் என்பதும் விளங்கியது.

பெற்றோர்களே, இது சிறுவர் விளையாட்டு மட்டுமன்று. என் தந்தையார் பால்மரம் சீவியவர். லயத்தில் எல்லாருக்கும் அவர் 'நெட்டையன்'. பிரட்டுக் களத்தில் புதிதாக வந்த கிராணி ஒருவர் செக்குரோலிலும் அதையே எழுதிவிட்டார். முப்பது ஆண்டு கழித்து, பணி ஓய்வுப் பணம் பெறச் சென்றபோது, அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பேரேட்டில் வேறொரு பெயர். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவர் பல மாதங்கள் அலைந்தார். தம் சொந்தப் பெயருக்குச் சாட்சி தேடியவர் அவர். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்திலும் பள்ளிப் பதிவிலும் பெயர் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்த மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாமவன் தலையைக் குனிந்துகொண்டு, "நானும்தான் ஐயா" என்றான்.

மறுவாரம் கட்டுரை திருத்தி வந்தது. ஸ்பைடர்மேன் சுவரில் ஏறினான். வீடு திரும்பியதும் பெரியம்மா, "பீட்டர், சாப்பிட வா" என்றார். கட்டுரையின் அடியில், தந்தை பெயரின் முதலெழுத்தோடு, தன் முழுப்பெயரையும் அவன் மையால் எழுதியிருந்தான்.